சனிக்கிழமை ஊசியும் அம்மாவின் படையலும்

1

முழு உடம்பும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு என்கிறார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தொளதொளவென்று எதுவும் போட்டிருக்கக் கூடாது. அது போதாதென்று எடை மெஷின் மேல் நிற்கிற என் இரண்டு காலும் மெஷின் காட்டும் எண்ணும் ஒரே படத்தில் விழ வேண்டுமாம். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'வீட்டில் இருக்கும் யாரையாவது எடுக்கச் சொல்லவும்.'

வீட்டில் இருக்கும் யாரையாவது! ஐம்பத்து நாலு வயசில் பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்று படம் பிடித்துக்கொள்ள ஆள் தேடும் கதி எதிரிக்கும் வரக்கூடாது. செல்போனை அலமாரியில் துவரம்பருப்பு டப்பாவுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி, பத்து விநாடி நேரம் வைத்து, ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றேன். முதல் படத்தில் தலை இல்லை. இரண்டாவதில் கால் இல்லை. மூன்றாவதில் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது ஒருவழியாக அமைந்தது. அதையும் 'முகம் தெளிவாக இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் முகம் அவ்வளவுதான் தெளிவு, நான் என்ன செய்ய?

இந்தக் கூத்தெல்லாம் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஓர் ஊசிக்காக. பேனா மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றி, புது ஊசி முனை மாட்டி, பின்பக்கத்தைத் திருகி, வயிற்றிலோ தொடையிலோ வைத்து அழுத்திக்கொண்டு பத்து எண்ண வேண்டும். சர்க்கரையையும் பிடித்து வைக்கிறது, பசியையும் பிடித்து வைக்கிறது, எடையும் இறங்குகிறது. இங்கே அரசாங்க மருத்துவமனையில் கேட்டால், உனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆனால் இந்த ஊசிக்கு வேண்டிய அளவுக்கு மோசமில்லை, வரிசையில் நில் என்றார்கள். நோயிலும் தேறவில்லை நான். அதனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இணையத்தில் இருக்கும் ஒரு மருந்துக்கடையில் வாங்குகிறேன். அவர்களுக்குத்தான் என் பனியன் படம் வேண்டியிருக்கிறது. தாம்பரத்தில் இதைப் படிக்கிற யாரும் உடனே மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். இது டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய சமாச்சாரம். தவிர, நான் சொல்ல வந்த கதையே வேறு.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுவில் ஒரு சின்ன ஊர். பஸ் கம்பெனி ஒன்றில் கால அட்டவணை போடும் வேலை. வந்து இருபத்து நாலு வருஷமாகிறது. நானும் மீனாவும் பிரிந்து ஆறு வருஷம். சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பேச்சு குறைந்துகொண்டே போய் ஒரு நாள் நின்றுவிட்டது. மகள் மது ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில் வேலையில் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் அவளிடமிருந்து ஒரு செய்தி வரும், ஆங்கிலத்தில். 'அப்பா, போட்டாச்சா?' நான் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவேன். அவள் ஒரு சிவப்பு இதயம் அனுப்புவாள். அந்த வாரத்துக்கு அப்பா–மகள் பேச்சு முடிந்தது.

பசி இல்லாமல் இருப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? முதல் மாதம் சொர்க்கம். சமோசா எதிரில் இருக்கிறது, மனசு ஒன்றும் சொல்லவில்லை. ஆஹா, முனிவர் ஆகிவிட்டோம் என்று ஒரு மிதப்பு. அலுவலகத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பாராட்டினார்கள். பழைய பெல்ட்டில் ஆணி வைத்துப் புதுசாக மூன்று ஓட்டை போட்டேன்.

மூன்றாம் மாதம்தான் ஒன்று உறைத்தது. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஏதாவது செய்துகொண்டிருந்தேன் என்றால் அது சமையல்தான். வெங்காயம் நறுக்குவேன், தாளிப்பேன், வானொலி போடுவேன், தட்டு எடுத்து வைப்பேன். ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். பசி போனதும் அந்த ஒன்றரை மணி நேரம் வெறுமனே கிடந்தது. ஒரு தோசை வார்த்து, பாதியைச் சாப்பிட்டு, மீதியைத் தாளில் சுற்றி வைத்தால் முடிந்தது. ஆறரைக்கு எல்லாம் முடிந்துவிடும். அதற்கப்புறம் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பேன். தனிமை என்று மற்றவர்கள் சொல்லும்போது எனக்கு அதுவரை சரியாகப் புரிந்ததில்லை. எனக்குத் துணைக்கு இருந்தது என் பசிதான் போலிருக்கிறது.

மருந்துக்கடை நர்ஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் கேள்வி கேட்பாள். 'பசி வருவதே இல்லை' என்று தமிழில் நினைத்து, அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். எங்கிருந்து வர வேண்டும் என்று கேட்டாள். இருபத்து நாலு வருஷம் ஆகியும் பதற்றத்தில் இப்படித்தான் உளறுகிறேன். அடுத்த கேள்வி, ஊசி போடும்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பது. இருக்கிறார்கள் என்று சொன்னேன். இல்லை என்றால் அதற்கு ஒரு படிவம் அனுப்புவாளோ என்று பயம்.

3

எங்கள் வீடு தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே நாலாவது தெரு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் போய்ப் பதினெட்டு வருஷம். அதற்கப்புறம் அம்மாவை வைத்துக்கொண்டது வசந்தி அக்காவும் மாமாவும்தான். மாமா டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் அது அவருக்குப் பெரிய பேச்சு.

அம்மாவுக்குச் சர்க்கரை. பதினோரு வருஷம் இன்சுலின். காலையில் எட்டு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஏழரைக்கு ஒன்று. போட்டது அக்கா. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, சிரிஞ்சில் யூனிட் பார்த்து இழுத்து, அம்மாவின் வயிற்றில் இடம் தேடிப் போடுவாள். போட்ட கையோடு தட்டு வந்துவிட வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை விழுந்து மயக்கம் வரும், ஆபத்து. இதற்காகவே அக்கா பதினோரு வருஷம் ஒரு கல்யாணம் காட்சி என்று வெளியூர் போனதில்லை. நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சாக்லேட்டும் வைட்டமின் மாத்திரையுமாகப் போய் இறங்குவேன். ஒரு வேளைகூட அந்த ஊசியை நான் போட்டதில்லை. 'உனக்குக் கை நடுங்கும், விடு' என்பாள் அக்கா. நானும் விட்டுவிட்டேன், ரொம்ப சௌகரியமாக.

போன வருஷம் அம்மா போனாள். அக்கா போனில் சொன்னது வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "காலைல டிபன் சாப்ட்டாங்கடா. சேர்ல ஒக்காந்தாங்க. அப்படியே போயிட்டாங்க. கஷ்டமே படல." நான் விமானம் பிடித்துப் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அதுவரைக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நான்தான் கொள்ளி வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள், சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள், நல்ல சாவு, யாருக்குக் கிடைக்கும் என்று. ஒரு வருஷமாக அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் நான் இல்லை, சரி. ஆனால் வயிறு நிறைந்து போனாள்.

எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. பதினோரு வருஷம் ஒருத்திக்கு ஊசி போட்டவளிடம் போய், நானும் அந்த வரிசையில் வந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் என் ஊசி வாரத்துக்கு ஒன்று, வலிக்காத ஊசி, பசியே தெரியாமல் இளைக்க வைக்கிற ஊசி. சொல்லவே கூச்சமாக இருந்தது.

4

முதல் வருஷத் தெவசத்துக்குப் போக வேண்டும். அக்கா சொன்னாள், திதி சனிக்கிழமை வருகிறது என்று. கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். என் ஊசி சனிக்கிழமை சனிக்கிழமைதான். போட்ட மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் குமட்டும், சோற்றைக் கண்டால் ஆகாது. ஏழாம் நாள் ஓரளவுக்குப் பசிக்கும். ஆக, சனிக்கிழமை மத்தியானம் அம்மா பேரைச் சொல்லி வயிறார உட்கார்ந்து சாப்பிடலாம், சாயங்காலம் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். கால அட்டவணை போடுகிறவன் அல்லவா, கச்சிதமாகப் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை விடிகாலையில் இறங்கினேன். கதவைத் திறந்த அக்கா என்னைப் பார்த்ததும் "என்னடா பாபு இது?" என்றாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தேவராஜுக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. "இன்னா சார், பாதியா ஆய்ட்ட? ஒடம்புக்கு எதுனா பேஜாரா கீதா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டான். அங்கே பாராட்டு, இங்கே துக்கம் விசாரிப்பு. இறங்கியது அதே பதினெட்டு கிலோதான்.

ஊசிப் பேனாவை அக்காவின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியிருந்தது, அந்த வெயிலுக்கு. கதவில் முட்டை வைக்கும் தட்டில், கைக்குட்டையில் சுற்றிச் சொருகினேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஐயர் வந்தார். எள்ளும் தண்ணீரும் விட்டேன், அரிசி காய்கறி தானம் கொடுத்தேன். மத்தியானம் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், ரசம் என்று சாதாரண சாப்பாடு. திருப்தியாகவே சாப்பிட்டேன். அம்மா, முடித்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் ஆறரைக்கு பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஊசி போட்டேன்.

வெளியே வந்தால் அக்கா கையில் தட்டோடு நிற்கிறாள். நாலு இட்லி.

"சாப்புடு."

"மணி ஆறரைதான்க்கா. இப்பதானே காபி குடிச்சேன்."

"பரவால்ல. சூடா கீது, சாப்புடு." அக்கா இப்படிப் பேசுகிறவள் இல்லை. தேவராஜ் மாதிரி 'கீது' என்றால் ஒன்று சிரிக்க வைக்கப் பார்க்கிறாள், இல்லையென்றால் உள்ளே எதையோ மறைக்கிறாள்.

இரண்டு சாப்பிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேர்க்குதா? படபடன்னு வருதா?" என்றாள். அரை மணி கழித்து வாழைப்பழம். அப்புறம் ஒரு டம்ளர் பால். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "விடுக்கா, நான் என்ன கொழந்தையா?" என்று கத்திவிட்டேன். அவள் என் படுக்கைப் பக்கத்தில் ஒரு சர்க்கரை டப்பாவையும் ஸ்பூனையும் வைத்துவிட்டுப் போனாள். இதென்ன கிறுக்கு என்று நினைத்தேன்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது அக்கா கடலைப்பருப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ பருப்பு எதுக்குக்கா?"

"நாளைக்கு வடைக்கு. அம்மாவுக்கு மசால்வட இல்லாம படையலா?"

"நாளைக்கா? இன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருச்சே."

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "இன்னிக்கு எள்ளுத் தண்ணி. நாளைக்குப் படையல். நம்ம வீட்ல எப்பவும் அப்படித்தானடா. மொத நாள் ஐயரு, மறுநாள் அவங்களுக்குப் புடிச்சது. அப்பாவுக்குப் பதினெட்டு வருஷமா அப்படித்தானே பண்றோம்?"

அப்பாவுக்குப் பண்ணிய பதினெட்டு தெவசத்தில் ஒன்றுக்குக்கூட நான் வந்ததில்லை. என் வீட்டில் தெவசம் இரண்டு நாள் என்பதே எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பஸ் நேரம் எழுதுகிறவன், சொந்த வீட்டுச் சடங்கின் நாளைக் கோட்டை விட்டுவிட்டேன். மருந்து ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. திருப்பி எடுக்க வழியில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே வயிறு பிரட்டியது. படையல் முடிகிற வரை கொள்ளி வைத்தவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அம்மா படத்துக்கு எதிரே தலைவாழை இலை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முட்டை, மசால்வடை, கத்தரிக்காய் வறுவல், சேமியா பாயசம், ஒரு ஓரத்தில் வெற்றிலை பாக்கு, புதுப் புடவை. கற்பூரம் காட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அம்மா வந்து சாப்பிட வேண்டும், அதற்குப் பத்து நிமிஷம். கூடத்தில் நான், அக்கா, மாமா, அனகாபுத்தூரிலிருந்து வந்திருந்த சித்தி. கதவிடுக்கில் கருவாட்டு வாசனை வந்தது. ஒரு காலத்தில் அந்த வாசனைக்கு நான் நாலு தெரு தாண்டி ஓடி வருவேன். அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா சாப்பிட்ட இலையில் மகன் உட்கார வேண்டும். ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. உட்கார்ந்தேன். முதல் வாய் போனது. இரண்டாவது போனது. வடையைப் பிட்டு வைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. "பரவால்ல, அம்மாவ நெனச்சு அழுறான்" என்றாள் சித்தி. நாலாவது வாயில் எழுந்து பின்பக்கம் ஓடினேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

உள்ளேயிருந்து சித்தியின் குரல் தெளிவாகக் கேட்டது. "பெத்தவளுக்கு இன்னும் கோவம் தீரல போல. கடைசிக்கு வரலல்ல? அதான் ஏத்துக்கல."

நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அந்தக் கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றபோது நம்பினேன். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றே நம்பினேன். அப்படி ஓர் அழுகை எனக்கு அவள் செத்த அன்றைக்குக்கூட வரவில்லை.

அக்கா ஓடிவந்தாள். கையில் சொம்பு. என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து ஊற்றினாள். சர்க்கரைத் தண்ணீர்.

"குடி. மொதல்ல இத குடி. எத்தன யூனிட்டு போட்ட? சொல்லு, எத்தன யூனிட்டு?"

"என்ன யூனிட்டு?"

"பொய் சொல்லாதடா! முட்ட வெக்கிற எடத்துல பாத்தேன். பதினோரு வருஷம் அதே எடத்துலதான்டா அம்மா மருந்து இருந்துச்சு. எனக்குத் தெரியாதா? ராத்திரிக்கு ரெண்டே இட்லி சாப்ட்ட. காலைலேர்ந்து பட்டினி. விழுந்துருவடா!"

நேற்று இட்லி ஏன், என் நெற்றியையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள், சர்க்கரை டப்பா ஏன் வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது இன்சுலின் இல்லை என்றேன். எனக்குச் சர்க்கரை வந்து மூன்று வருஷம் ஆகிறது, இது வாரத்துக்கு ஒருமுறை போடுவது, சாப்பிடாவிட்டால் அந்த மாதிரி மயக்கமெல்லாம் வராது, பசியை அடக்கும், அதனால்தான் குமட்டியது, அதனால்தான் இளைத்தேன் என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "சாப்டலன்னா ஒண்ணும் ஆவாதா?"

"ஆகாதுக்கா. டாக்டரே சொல்லியிருக்கார்."

"நிஜமா?"

"நிஜமாக்கா."

சொம்பைக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள். "அன்னிக்கு அம்மா சாப்டலடா."

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"எட்டு மணிக்கு ஊசி போட்டுட்டேன். மூணு இட்லி வெச்சுக் குடுத்தேன். அப்புறம் சாப்டறேன்னாங்க. அந்த நேரம் பாத்துத் தண்ணி லாரி வந்துட்டான். மூணு நாளா புக் பண்ணிக் காத்துகிட்டு இருந்தோம். மாமா பேங்குக்குப் போயிட்டாரு. நான்தான் கேட்டுகிட்ட போய் சம்ப்புல டியூப்ப புடிச்சுகிட்டு நின்னேன். விட்டா அவன் பாதிய ரோட்டுல ஊத்திட்டுப் போயிருவான். லோடு கம்மியா இருக்குன்னு சண்ட வேற. முக்கா மணி நேரம். உள்ள வந்து பாக்கறேன், தூங்கற மாதிரி ஒக்காந்துருக்காங்க. தட்டுல மூணு இட்லியும் அப்படியே இருக்கு."

"டாக்டர்..."

"ஹார்ட்டுன்னு எழுதிக் குடுத்தாரு. யாரும் சுகர் பாக்கல. நானும் சொல்லல. அந்தத் தட்ட கழுவி வெச்சதும் நான்தான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சாப்ட்டுட்டுதான் போனாங்கன்னு மொதல்ல உங்கிட்டதான்டா சொன்னேன். நீ தூரத்துல தனியா இருக்கியே, தாங்க மாட்டியேன்னு சொன்னேன். அப்புறம் எல்லார்கிட்டயும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு. மாமாவுக்குக்கூடத் தெரியாது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே வரியைப் பிடுங்கிக்கொண்டாளே என்று. அது ஒரு நிமிஷம்தான். பதினோரு வருஷத்தில் எட்டாயிரம் தடவை ஊசி போட்டவள், ஒரே ஒரு தடவை தண்ணீருக்காக வாசலுக்குப் போயிருக்கிறாள். நான் எங்கே இருந்தேன்? "உன் தப்பு இல்லக்கா" என்றேன். சொன்ன எனக்கே அது எங்கள் பஸ் கம்பெனியில் பயணிகளுக்குப் போனில் சொல்கிற சமாதானம் மாதிரி இருந்தது. ஹார்ட்டாகவே இருந்திருக்கலாம் என்றேன். "இருக்கலாம்" என்றாள். இருக்கலாம்தான். இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். படையல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அடியே, கட்டிக் குடுத்த பொண்ணு அந்த எலயில ஒக்காரலாமா?" என்று சித்தி பதறினாள். மாமா வாயைத் திறந்தார். "சாப்புடட்டும்" என்றார், அவ்வளவுதான். கருவாட்டுக் குழம்பை, நான் பிட்டு வைத்த வடையை, பாயசத்தை, ஒன்றையும் விடாமல் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

6

திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு மதுவின் செய்தி, கட்டைவிரல், இதயம், எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. பாட்டி போன விதம் பற்றி எனக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன். கட்டைவிரலைத் தாண்டி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அதற்கு முன்னால், பத்து மணிக்கே அக்கா கூப்பிடுகிறாள். இரும்புலியூரில் அப்போது மத்தியானம் தாண்டியிருக்கும். வீடியோவில் வர வேண்டும், ஊசி போடுவதைக் காட்ட வேண்டும், பத்து எண்ணுவதை அவளும் அங்கிருந்து எண்ணுவாள். அப்புறம் தட்டைக் காட்ட வேண்டும். சாப்பிட்டு முடிக்கும்வரை போனை வைக்க மாட்டாள். இது அந்த ஊசி இல்லை, சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று நானும் வாராவாரம் சொல்கிறேன். "எனக்கு எல்லா ஊசியும் ஒண்ணுதான்" என்கிறாள்.

இந்த வாரமும் அப்படித்தான். அரைத் தோசையோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தப் பக்கம் ஹாரன் கேட்டது. பெரிய வண்டி ஹாரன், விடாமல் இரண்டு மூன்று தடவை. வாசலிலிருந்து மாமா கூப்பிட்டார். "வசந்தி, தண்ணி லாரி வந்துட்டான்! டியூப்பு புடிக்கணும், வா!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க பாருங்க. நான் வர மாட்டேன்." அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீ மெதுவா சாப்புடு. நான் எங்கயும் போகல."

எனக்குக் கொஞ்சமும் பசி இல்லை. தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டேன்.